‘அக்கூஸ்டிக்’ – அட்டையில் தமிழில் என்ன போடலாம்? வெள்ளிக்குள் வேண்டும்

செல்லூரிலிருந்து, செவ்வாய் காலை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பாட்டுக்காரர் ஒருவருடைய தொகுப்பு வெளிவருகிறது. தெம்மாங்கு, அழகர் வர்ணிப்பு, ஏற்றப்பாட்டு என்று 11 பாடல்கள். முன்பு வந்த அவருடைய பதிவுகளில் கீபோர்டும் ரிதம் பேடும் சேர்ந்து குரலை மூடிவிட்டன. இந்த முறை அவர் வீட்டுத் திண்ணையில் ஒரே ஒரு மைக்கை வைத்துப் பதிவு செய்தோம். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அவர் அழுத்தும்போது தோல் விம்முவது கேட்கிறது. அடுத்த அடி எடுக்குமுன் மூச்சு இழுப்பதும் கேட்கிறது. அட்டையின் பின்பக்கக் குறிப்பை நான் எழுதுகிறேன். ஆங்கிலக் குறிப்பில் ‘அக்கூஸ்டிக்’ (மின் இசைக்கருவிகள் சேராத இசை) என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார்கள். தமிழில் என்ன போடுவது? வெள்ளிக்கிழமை மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

மேலூரிலிருந்து, செவ்வாய் மதியம்

‘ஒலியியல் இசை’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். நான் இயற்பியல் ஆசிரியர். ஒலியியல் என்பது ஒரு பாடத்தின் பெயர், பாட்டின் குணம் அல்ல. ‘மின்னிலா இசை’ சரியாக வருமா?

திருமங்கலத்திலிருந்து, செவ்வாய் இரவு

மேலூர் ஐயா, மைக்கும் பதிவுக் கருவியும் மின்சாரத்தில்தானே ஓடின? அப்புறம் எப்படி மின்னிலா?

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மின்கிதார் 1930களில் வந்த பிறகுதான் பழைய கிதாருக்கு ‘அக்கூஸ்டிக்’ என்ற அடைமொழி தேவைப்பட்டது. அதுவரை அது வெறும் கிதார். நம் ஊரிலும் இப்படித்தான். விசைத்தறி வருமுன் செல்லூரில் தறி என்றால் தறிதான், பிறகு அது கைத்தறி ஆனது. பிராய்லர் வந்ததும் கோழி நாட்டுக்கோழி ஆனது. இந்த இரண்டு சொற்களிலும் ‘இல்லாத’ என்பது இல்லை. இருப்பதைச் சொல்லியே பழையதைப் பிரித்துக் காட்டினார்கள். நாமும் அந்த வழியில் போகலாமே.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் பால சபா என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கியபோது நடிகர்கள் மைக் இல்லாமல்தான் கடைசி வரிசை வரை கேட்கப் பாடினார்கள். அதற்கு யாரும் தனிப்பெயர் வைக்கவில்லை.

சோழவந்தானிலிருந்து, புதன் விடியற்காலை

சொல் நம் கையிலேயே இருக்கிறது: வெற்றிசை.

எங்கள் ஊர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். வெறுமை + இலை. பூ, காய் என்று வேறு பயன் தராமல் இலையே பயனாக நிற்பதால் வெற்றிலை. நன்னூல் சொல்லும் ஈறுபோதலும் (‘மை’ போவது) தன்னொற்று இரட்டலும் (‘ற்’ இரட்டிப்பது) இதில் வருகின்றன. அதே விதியில் வெறுமை + இசை, வெற்றிசை. ஒட்டிய எதுவும் இல்லாமல் இசையே இசையாக நிற்பது.

தெம்மாங்கு பாடுகிறவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தென்பாங்குதான் தெம்மாங்கு ஆனது. தேன்பாங்கு என்று சிலர் சொல்வது செவிக்கு இனிமை, ஆனால் ‘தேன்’ ஏன் குறுகியது என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

மேலூரிலிருந்து, புதன் காலை

ஐயா, டீக்கடையில் அட்டையைப் பார்க்கிறவர் வெற்றி இசை என்றுதான் படிப்பார். தேர்தல் பாட்டு என்று நினைத்துக்கொள்வார்.

சோழவந்தானிலிருந்து, புதன் காலை

வெற்றி + இசை என்றால் யகர உடம்படுமெய் வந்து ‘வெற்றியிசை’ ஆகும். வெற்றிசை ஆகாது. வெற்றி ‘வெல்’லிலிருந்து வந்தது, வேரே வேறு. புதிய சொல்லுக்குத் தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார்: ‘கடிசொல் இல்லை காலத்துப் படினே’. காலத்தால் வந்து வழங்கும் சொல்லை விலக்க வேண்டாம் என்கிறார்.

திருப்பரங்குன்றத்திலிருந்து, புதன் மதியம்

ஐயா, அதே நூற்பாவை வைத்து ‘அக்கூஸ்டிக்’ என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்பேன். அதுவும் காலத்தால் வந்த சொல்தானே? மைக்செட், பஸ், காப்பி எல்லாம் எங்கள் பாட்டி வாயில் புழங்கிய சொற்கள். எந்தத் தமிழ் கெட்டுவிட்டது?

செல்லூரிலிருந்து, புதன் மாலை

தம்பி, பாட்டியின் வாயில் மைக்செட் இருந்தது சரி. அக்கூஸ்டிக் இருந்ததா? திருவிழாவுக்குத் திருவிழா கண்ணால் பார்த்த பொருளோடு மைக்செட் என்ற சொல்லும் வந்தது. இந்தச் சொல்லோடு எந்தப் பொருளும் எங்கள் தெருவுக்கு வரவில்லை.

திருமங்கலத்திலிருந்து, புதன் இரவு

மிடற்றிசை? மிடறு என்றால் தொண்டை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ‘யாழும் குழலும் சீரும் மிடறும்’ என்று வருகிறது. மிடற்றையும் ஒரு கருவியாக எண்ணிய மரபு நம்முடையது. இதில் ‘இல்லாத’ வராது, இருப்பதைச் சொல்கிறது.

மேலூரிலிருந்து, வியாழன் காலை

உடுக்கை தோற்கருவி ஆயிற்றே, அதை எங்கே வைப்பது? வாய்ப்பாட்டு என்றும் சொல்ல முடியாது, அது சபாக் கச்சேரிக்குப் போய்விட்டது. ‘வெறும்பாட்டு’ எளிமை, ஆனால் ‘வெறும்’ என்றாலே சரக்கில்லை என்ற தொனி வருகிறது. வெறுங்கை முழம் போடுமா என்றுதானே கேட்கிறோம்?

சோழவந்தானிலிருந்து, வியாழன் காலை

வெறுங்காலோடு அழகர்கோயிலுக்கு நடக்கிறார்களே, அதில் என்ன குறைவு கண்டீர்கள்? ‘வெறு’வைத் தாழ்த்தாதீர்கள்.

திருப்பரங்குன்றத்திலிருந்து, வியாழன் மதியம்

‘இயல்பொலி’? படித்ததும் புரிகிறது, யாரும் எதையும் விளக்க வேண்டாம். இசைத்தட்டா, பேழையா, தொகுப்பா என்று அடுத்த சண்டை தொடங்குமுன் இதை முடித்துவிடலாம்.

செல்லூரிலிருந்து, வியாழன் இரவு

இயல்பொலிக்கு நான்கு பேர் சரி என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பேர் ‘இனி எதுவானாலும் சரி’ என்கிறீர்கள். அட்டையில் இப்படி வருகிறது: ‘இயல்பொலிப் பதிவு. குரலும் உடுக்கையும் மட்டும்.’

சோழவந்தானிலிருந்து, வியாழன் இரவு

என் மறுப்பைப் பதிந்துவைக்கிறேன். கீபோர்டுக்கும் அதற்கென்று ஓர் இயல்பு ஒலி உண்டு. இயல்பு என்றால் யாருடைய இயல்பு? மேலும், ‘குரலும் உடுக்கையும் மட்டும்’ என்று எழுதிய பிறகு மேலே ஒரு கலைச்சொல் எதற்கு? வெற்றிசையை நான் விடவில்லை. அடுத்த தொகுப்புக்காவது எடுத்துக்கொள்ளுங்கள்.

செல்லூரிலிருந்து, வெள்ளி மதியம்

ஐயா கேட்ட கேள்வி இரவெல்லாம் மனத்தில் இருந்தது. காலையில் பாட்டுக்காரருக்கே போன் போட்டுக் குறிப்பை வாசித்துக் காட்டினேன். இயல்பொலி பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. “உடுக்கை நாலு பாட்டுலதான் வருது. எல்லாத்துலயும் அடிச்சிருக்கேன்னு நெனச்சு வாங்கிறப் போறாங்க, அதை மாத்துங்க” என்றார்.

மாற்றி அனுப்பிவிட்டேன்: ‘இயல்பொலிப் பதிவு. குரல் மட்டும், நான்கு பாடல்களில் உடுக்கை.’