பாலத்தைக் காணோமே

நான்: (5 படங்கள்) ஸ்காட்லாந்தில் ஸ்டிர்லிங் வந்திருக்கிறேன். ஃபோர்த் ஆறு, பழைய கல்பாலம்.

அத்தை: பாலத்துக்கு எதற்கடி ஐந்து போட்டோ? உன் முகம் ஒன்றில்கூட இல்லை.

அண்ணன்: இங்கிலாந்தை எதிர்த்த வில்லியம் வாலஸ் சண்டை போட்ட ஊர்தானே! முகத்தில் நீலச் சாயம் பூசிக்கொண்டு சண்டைக்கு வருவாரே. 'பிரேவ்ஹார்ட்' படத்தை நாலு தடவை பார்த்திருக்கிறேன். அதில் பாலத்தைக் காணோமே?

நான்: அதுதான் கூத்து. 1297 செப்டம்பர் 11 சண்டையில் ஸ்காட்லாந்துக்காரர்கள் இங்கிலாந்தை ஜெயித்ததே பாலத்தால்தான். அப்போது மரப்பாலம், இந்தக் கல்பாலத்திலிருந்து கொஞ்ச தூரத்தில். ஒரு நேரத்தில் இரண்டு குதிரை சேர்ந்து போகலாம், அவ்வளவுதான். நீலச் சாயம் சினிமாக்காரர்கள் பூசியது.

பெரியப்பா: அவ்வளவு பெரிய படையை வைத்துக்கொண்டு இங்கிலாந்துக்காரன் ஏன் அந்தச் சந்தில் நுழைந்தான்? வேறு வழி இல்லையா?

நான்: இருந்தது பெரியப்பா. ஆழமில்லாத ஒரு துறையில் அறுபது பேர் பக்கத்தில் பக்கத்திலாக ஒரே நேரத்தில் கடக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னாராம். கஜானா பொறுப்பில் இருந்த கிரெசிங்ஹாம் விடவில்லை. நாளைக் கடத்தினால் ராஜா பணம் வீண் என்றார். தளபதி சர்ரே பிரபுவோ அன்று காலை தூங்கிவிட்டார். பாலத்தைத் தாண்டிப் போனவர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று!

பெரியப்பா: கணக்குப்பிள்ளை பேச்சைக் கேட்டுப் போருக்குப் போனால் இப்படித்தான். நானும் கணக்கு எழுதியே ரிட்டயர் ஆனவன், சொல்லலாம்.

நான்: 😂 அப்புறம் மறுபடி கடக்க ஆரம்பித்தார்கள். ஒரு பகுதி படை இக்கரைக்கு வரும்வரை ஸ்காட்லாந்துக்காரர்கள் குன்றில் பொறுமையாக இருந்தார்கள். பிறகு இறங்கி வந்து பாலத்தின் வாயை அடைத்துவிட்டார்கள். வந்தவர்கள் திரும்ப முடியாது, அக்கரையில் நின்றவர்கள் உதவ முடியாது. காலுக்குக் கீழே சேறு, சுற்றி ஆறு. கிரெசிங்ஹாம் அங்கேயே செத்தார். தோலை உரித்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அத்தை: சாப்பாட்டு நேரத்தில்தான் இதைச் சொல்ல வேண்டுமா?

அண்ணன்: வாலஸ் மூளையே மூளை!

நான்: இதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. படையை நடத்தியது இரண்டு பேர். இன்னொருவர் ஆண்ட்ரூ மோரே. வடக்கே கிளர்ச்சியைத் தொடங்கியவர். ஜெயித்த அடுத்த மாதம் ஜெர்மனியின் லூபெக், ஹாம்பர்க் நகர வணிகர்களுக்கு, "நாடு மீண்டுவிட்டது, வியாபாரத்துக்கு வாருங்கள்" என்று கடிதம் போனது. அதில் மோரே பெயர்தான் முதலில், வாலஸ் பெயர் இரண்டாவது.

அண்ணன்: படத்தில் அப்படி ஒரு ஆளே வரவில்லையே.

நான்: வரமாட்டார். ஸ்டிர்லிங்கில் பட்ட காயத்திலேயே இறந்துவிட்டார் என்கிறார்கள். அடுத்த ஆண்டு ஃபால்கிர்க்கில் வாலஸ் தனியாக நின்றார். ஈட்டியோடு வட்டம் வட்டமாக நின்ற அவர் படையை இங்கிலாந்துக்காரர்களின் அம்பு மழை கலைத்துப்போட்டது. தோல்வி. 1305இல் லண்டனில் அவரைக் கொன்றார்கள்.

அத்தை: அந்த மோரேவுக்குக் குடும்பம்?

நான்: அவர் போனபோது மனைவி கர்ப்பமாக இருந்தார் அத்தை. பிள்ளைக்கும் ஆண்ட்ரூ என்றே பெயர். வளர்ந்து 1335இல் ஸ்காட்லாந்தில் கல்பிளீன் என்ற இடத்தில் நடந்த சண்டையில் ஜெயித்தார்; ராஜாவுக்குப் பதிலாக நாட்டை நடத்தும் காவலர் பொறுப்பும் வகித்தார்.

அத்தை: அப்பன் முகம் பார்க்காத பிள்ளை 😔

பெரியப்பா: கல்பிளீனில் பாலம் உண்டா?

நான்: இல்லை, காடு. பஸ் வந்துவிட்டது, அப்புறம் சொல்கிறேன்.