கறுப்பனின் படம்

குழு: உப்புவெளி வீட்டார்

சின்னக்கா: [கீறின படம்] கறுப்பனைக் கீறி முடித்துவிட்டேன். அம்மம்மாவின் அறையில் மாட்டத்தான். ஆனால் எங்கேயோ இடிக்கிறது, பார்த்துச் சொல்லுங்கோ.

நான்: வடிவாய் இருக்கு அக்கா. ஆனால் நம்ம கறுப்பன் இல்லை, வேறு யாரோ வீட்டு லாப்ரடோர் நாய்.

பெரிய மாமா: தம்பி சொல்வது சரி. வாலில் குஞ்சம் தொங்குது, பார் பிள்ளை. லாப்ரடோரின் வால் நீர்நாயின் வால் மாதிரி. அடியில் தடிப்பு, போகப் போக மெலிவு. நீந்தும்போது அதுதான் அவனுக்குச் சுக்கான்.

சின்னக்கா: மாற்றுகிறேன் மாமா. நிறமும் பிழைத்துப்போச்சு. கறுப்பை அப்படியே அடித்தேன், தார் பூசினது போலக் கிடக்கு.

மாமி: கறுப்பைத் தனியே பாவிக்காதே அம்மா. அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் என்கிற மண்ணிறத்தையும் குழைத்துப் பார். வானம் படுகிற முதுகுக்கு நீலம் கூட, வயிற்றுப் பக்கம் மண்ணிறம் கூட. மணலின் வெளிச்சம் கீழே இருந்து அடிக்கும்தானே.

பெரிய மாமா: எந்தப் போட்டோவைப் பார்த்துக் கீறினாய்?

சின்னக்கா: பிஸ்கட் காட்டி, நின்றபடி மேலே இருந்து எடுத்தது.

பெரிய மாமா: அதுதான் தலை பெரிசு, கால் கட்டை. மணலில் குந்தி, அவன் கண் மட்டத்தில் எடு. பிஸ்கட்டைப் பார்க்கையில் எல்லா நாயும் ஒரே நாய்தான். கரைவலை இழுக்கிற நேரம் கூட்டிக்கொண்டு போ. இவனுடைய முன்னோர் கனடாவில் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீனவரோடு நின்ற நாய்கள். வலைக்கயிறு இழுத்ததும், தூண்டிலில் நழுவின மீனைக் கவ்வினதும் அவைதான். கயிற்றைக் கண்டால் கறுப்பன் நிற்கிற நிற்பு இருக்கே, அதைக் கீறு.

அம்மா: அம்மம்மா சொல்லச் சொன்னா, தாடை நரையை மறைக்க வேண்டாமாம். தாத்தா தடவித் தடவி வந்த நரையாம்.

*மறுநாள், காலை 7.40*

சின்னக்கா: [போட்டோ] விடிய 5.30க்குப் போனோம். கயிறு கரைக்கு வந்ததுதான் தாமதம், குரைப்பே இல்லை. காது முன்னுக்கு வந்து, நெற்றி சுருங்கி, ஒரு முன்கால் மணலைவிட்டு எழும்பி நின்றது. கழுத்து மயிரில் தண்ணீர் முத்து முத்தாய். உள்ளே நனையவே இல்லை மாமி, விரல்விட்டுப் பார்த்தேன்.

மாமி: கண்ணில் அந்த வெள்ளைப் புள்ளியை விட்டுவிடாதே. கடல்தான் அது.

நான்: இவன்தான் அக்கா. இவனேதான்.

அம்மா: அம்மம்மா என்ர போனை வாங்கி வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறா. கட்டிலுக்கு நேரே ஆணியை இப்பவே அடிக்கட்டாம்.