பார்த்தால் பக்கம், நடந்தால் தூரம்: உங்கள் அனுபவம் என்ன?

மூன்றாம் மாடி:
எங்கள் பால்கனியில் நின்றால் மருந்துக்கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். நடந்து போய்வர அரை மணி நேரம். நடுவில் மலையோ ஆறோ இல்லை, வளாகத்தின் சுற்றுச்சுவர். இருப்பது ஒரே கேட், அதுவும் எதிர்ப்பக்கம். பின்சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கேட் வைக்கலாமே என்று சங்கக் கூட்டத்தில் கேட்டேன். "பாதுகாப்பு" என்றார்கள், பேச்சு முடிந்தது. பக்கத்தில் இருந்தும் எட்டாத இடம் உங்களுக்கும் இருக்கும், எழுதுங்கள்.

அளவுகோல்:
மனை வரைபடம் போடுவது என் தொழில். ஐந்து நிமிட நடைக்கு 400 மீட்டர் என்பது வழக்கமான கணக்கு. பேருந்து நிறுத்தத்தை நடுவில் வைத்து அந்த அளவில் வட்டம் போட்டால் உள்ளே 50 ஹெக்டேர் வரும். பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் மனிதர் தெரு வழியாகத்தானே போக வேண்டும்? தெருக்கள் கட்டம் கட்டமாகச் சீராக இருந்தாலே அந்த நடைக்குள் எட்டுவது 32 ஹெக்டேர்தான். முட்டுச்சந்தும் சுவரும் சேர்ந்தால் இன்னும் சுருங்கும். ஒரு குடியிருப்புத் திட்டத்துக்கு வட்டத்தை எடுத்துவிட்டு நடைவழியை வைத்து வரைந்து கொடுத்தேன். விற்பனைக் கையேட்டில் வட்டம்தான் அச்சாகி வந்தது!

பாரிஸ் பேராசிரியர் கார்லோஸ் மொரேனோ 2016இல் '15 நிமிட நகரம்' என்ற யோசனையை முன்வைத்தார், அதாவது அன்றாடத் தேவை எல்லாம் வீட்டிலிருந்து 15 நிமிட நடையிலோ சைக்கிளிலோ எட்ட வேண்டும்; அப்போது பாரிஸ் மேயராக இருந்த ஆன் இதால்கோ 2020 தேர்தலில் அதைக் கையில் எடுத்தார். மீட்டரை விட்டுவிட்டு நிமிடத்தில் பேசுவதுதான் எனக்கு அதில் பிடித்தது. சுவரைச் சுற்றுவதும் சிக்னலில் நிற்பதும் அப்போது கணக்குக்குள் வந்துவிடும்.

இரண்டு கேட்:
எங்கள் வளாகத்தில் பின்கேட்டைக் காலையில் திறந்து இரவில் பூட்டுகிறோம். ஆள் நடமாட்டம் வந்த பிறகு அந்தச் சந்தில் முன்பிருந்த பயம் இல்லை. சாவி யாரிடம் என்பதில்தான் சண்டை.

மெல்ல நடப்பவர்:
நிமிடம் சரி, யாருடைய நிமிடம்? அம்மாவோடு 14 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க வேண்டும். வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்று வைத்து, பச்சை விளக்கு 12 வினாடி எரிகிறது. அம்மாவின் நடை 0.8 மீட்டர் இருந்தால் அதிகம். அவருக்கு 17 வினாடிக்கு மேல் வேண்டும். நடுத்திட்டில் நின்று அடுத்த சுற்றுக்குக் காத்திருப்போம். அமெரிக்காவின் போக்குவரத்துக் கையேட்டில் 2009இல் இந்த வேகத்தை 1.07ஆகக் குறைத்தார்கள். அம்மாவுக்கு அதுவும் பத்தாது. அப்புறம், வழியில் உட்கார இடம். நூலகத்துக்குப் போகும் தெருவில் ஒரு பெஞ்ச் போட்ட பிறகுதான் அவர் அங்கே போகவே தொடங்கினார்.

பழைய கடைக்காரர்:
எல்லோரும் வீட்டுக்குப் பக்கத்தில் கடை கேட்கிறீர்கள். குடியிருப்பின் நட்டநடுவில் கடை வைத்தவன் நான். அவசரத்துக்கு மட்டும் என்னிடம் வருவார்கள், மாதச் சாமான் முழுக்க வெளியே. வேற்றாள் ஒருவரும் அந்தப் பக்கம் வரமாட்டார். கடையை மூடிவிட்டேன். நடந்து வரும் தூரத்தில் போதுமான வீடுகள் இல்லாமல் கடை நிற்காது. அடுக்குமாடி வேண்டாம், கடை மட்டும் வேண்டும் என்றால் எப்படி?

அளவுகோல்:
ஐயா சொல்வதை 1929லேயே அமெரிக்க நகரத் திட்டமிடலாளர் கிளாரன்ஸ் பெர்ரி தன் குடியிருப்புத் திட்டத்தில் யோசித்திருக்கிறார். 5,000 முதல் 9,000 பேர் வாழும் பகுதி, நடுவில் பள்ளி. கடைகளை மட்டும் ஓரத்தில், பெரிய சாலைகள் சந்திக்கும் மூலைகளில் வைத்தார், பக்கத்துக் குடியிருப்பின் வாடிக்கையும் கிடைக்கட்டும் என்று. கடைக்காரருக்கு நல்லதுதான். ஆனால் அந்தச் சாலை அகலமாகிக்கொண்டே போனால் கடை ஒரு கரையில், வாங்குபவர் மறுகரையில். அந்த மூலையில் வாகன வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் கட்டி, கடக்கும் தூரத்தையும் குறைக்க வேண்டும். வரைபடத்தில் அது சின்னக் கோடு. அதற்கு ஒப்புதல் வாங்குவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிடுகிறது.