குட்டி நாய் அடிக்கடி மூத்திரம் போகிறதா? உங்கள் அனுபவம்?

ஈரத்தரை:
மூன்று மாதப் பெண் குட்டி. குட்டி என்றால் அடிக்கடி போகத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் எண்ணினால் ஒரு மணி நேரத்தில் ஒன்பது தடவை. எட்டாவது தடவை கையில் துணியோடு அதட்டிவிட்டேன். காதை மடக்கிக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே மறுபடி குந்தியது. முக்கி முக்கி இரண்டு சொட்டு. துடைத்த துணியில் இளஞ்சிவப்பு. மறுநாள் சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று என்று தெரிந்தது. மாத்திரை கொடுத்ததும் சரியாகி வருகிறது, ஆனால் அந்த மடங்கின காது கண்ணை விட்டுப் போகவில்லை.

வாலாட்டி:
எங்கள் வீட்டில் வேறு கதை. நாள் முழுக்கச் சுத்தம். ஆள் உள்ளே வந்து குனிந்து தலையைத் தடவினால் போதும், அங்கேயே குளம். ஒரு விருந்தாளியின் புது ஷூ போயிற்று. பயமும் சந்தோஷமும் சேர்ந்து வருவது, திட்டினால் கூடும் என்றார்கள். வந்ததும் கண்டுகொள்ளாமல் பக்கவாட்டில் உட்காரப் பழகினோம். வளர வளர நின்றுவிட்டது.

துடைப்பக்கட்டை:
ஈரத்தரை, எல்லோரையும் தொற்று என்று பயமுறுத்தாதீர்கள். மூன்று மாதக் குட்டி மூன்று நான்கு மணி நேரம் அடக்கினாலே பெரிது, அதுவும் தூக்கத்தில். விழித்து ஓடியாடும்போது அரை மணிக்கு ஒரு தடவைகூடப் போகும். என் குட்டி அப்படித்தான், நன்றாக இருக்கிறது. கதை அவ்வளவுதான். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் நீங்களே வெளியே தூக்கிக்கொண்டு போங்கள். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள், நிறையப் பேர் அந்தத் தப்பைச் செய்கிறார்கள். அம்மோனியா கலந்த கிளீனரால் துடைக்காதீர்கள், குட்டிக்கு அதுவும் மூத்திர வாசனைதான், அதே இடத்துக்குத் திரும்ப வரும். மூத்திரத்தைச் சிதைத்து வாசனையைப் போக்கும் என்சைம் கிளீனர் வாங்குங்கள். மாத்திரையை மருத்துவர் சொன்ன நாள்வரை கொடுங்கள், பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும்.

இரவுக்காவல்:
"நன்றாக இருக்கிறது" என்று நானும் ஐந்து மாதம் சொன்னேன், துடைப்பக்கட்டை. வெளியே சாதாரணமாகத்தான் போகும். ஆனால் படுக்கை எப்போதும் நனைந்திருக்கும். ஒரு ராத்திரி தூங்குகிறதைத் தூக்கினேன், வயிறெல்லாம் வெதுவெதுப்பாக ஈரம், கையில் சொட்டுகிறது, அது குறட்டை விடுகிறது. தனக்கே தெரியாமல் ஒழுகியிருக்கிறது. சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் சிறுநீர்ப்பைக்குள் திறக்காமல் தள்ளித் திறந்திருந்ததாம், பிறவிக் கோளாறு, பெண் குட்டிகளுக்குத்தான் அதிகமாம். அறுவை சிகிச்சை ஆயிற்று. ஐந்து மாதமும் படுக்கையைக் காட்டிக் காட்டித் திட்டியிருக்கிறேன்.

ஈரத்தரை:
துடைப்பக்கட்டை, அரை மணிக்கு ஒன்று வேறு, ஒரு மணி நேரத்தில் ஒன்பது வேறு. அளவையும் பாருங்கள்: உங்களது குளம், என்னுடையது சொட்டு. மறு பரிசோதனைக்கு மாதிரி பிடிக்க வேண்டும். பின்னாலேயே கரண்டியோடு நடக்கிறேன், கரண்டியைக் கண்டாலே உட்கார்ந்து வாலாட்டுகிறது. யாராவது பிடித்திருக்கிறீர்களா?

வாலாட்டி:
தட்டையான தட்டு. பக்கத்தில் நில்லுங்கள், குந்தின பிறகு நீட்டுங்கள்.