புதுப்பிப்பு: பிளஸ் டூ கணக்குப் பரீட்சை பயம்
கோபிசெட்டிபாளையத்திலிருந்து போன மாசம் கேட்டிருந்தேனுங்க: கணக்குப் பரீட்சைன்னாலே பொண்ணுக்கு வயித்தைப் பிரட்டுது, தூக்கமே இல்லைன்னு. பதில் சொன்ன எல்லார்த்துக்கும் நன்றிங்க. பரீட்சை முடிஞ்சுது.

விடியக்காலம் நாலு மணிக்கு எழுப்பிப் பார்த்தோம், இருந்த தூக்கமும் போச்சு. கைகொடுத்தது வீட்டிலேயே பரீட்சை எழுதற யோசனைதான். பழைய வினாத்தாள், காலை 10 மணி, படிக்க 10 நிமிஷம், விவரம் நிரப்ப 5 நிமிஷம், அப்புறம் 10.15லிருந்து 1.15 வரை எழுத்து. முதல் தடவை பாதியில் அழுதுட்டு எந்திரிச்சா. நாலாவது தடவை பேனாவை மூடிட்டு, “பசிக்குது”ன்னா!

ஒரு ராத்திரி 14416ங்கற மனநல உதவி எண்ணுக்கும் பேசினா. இலவசம், தமிழிலேயே பேசறாங்க.

எதிர்பாராதது: “எத்தனை மார்க் வரும் அம்மணி?”ன்னு கேட்கற சொந்தக்காரங்க போனை நான் எடுக்க ஆரம்பிச்சதும் வயித்துப் பிரட்டல் பாதி குறைஞ்சுது. ரிசல்ட் இன்னும் வரலைங்க.