‘வைகேரியஸ் லயபிலிட்டி’: பகரப் பொறுப்பா, பிறர்வினைப் பொறுப்பா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒருவர் செய்த தவறுக்கு இன்னொருவரும், எடுத்துக்காட்டாக வேலையாளின் தவறுக்கு முதலாளியும், சட்டப்படி பொறுப்பேற்பதுதான் ‘வைகேரியஸ் லயபிலிட்டி’. அதற்குத் தமிழ்ச் சொல்லாக நம் குழுவில் ஐயா முன்வைத்த ‘பகரப் பொறுப்பு’ காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனாலும் என்னால் ஏற்க முடியவில்லை. பகரம் என்றால் ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்று. வேலையாள் செய்த தவறு முதலாளி தலையில் விழுகிறது, வேலையாள் தப்பிவிடுகிறார் என்றுதான் படிப்பவர் நினைப்பார். சட்டத்தில் இருவருமே பொறுப்பாளிகள்.

1956-இல் பிரிட்டன் பிரபுக்கள் அவை தீர்த்த லிஸ்டர் வழக்கைப் பாருங்கள். தந்தையும் மகனும் ஒரே நிறுவனத்தில் வேலை. மகன் லாரியைப் பின்னால் எடுக்கும்போது தந்தை மீது மோதிவிட்டார். நிறுவனம் தந்தைக்கு இழப்பீடு தர வேண்டியதாயிற்று. பணத்தைக் கொடுத்த காப்பீட்டாளர், நிறுவனத்தின் பெயரால் மகன் மீதே வழக்குத் தொடுத்து வென்றார். தந்தைக்குப் போன தொகைக்கு மகன் பதில் சொல்ல வேண்டும்! எனக்கு மனசு ஆறாத தீர்ப்பு. ஆனால் ஓட்டுநரின் பொறுப்பு அவரை விட்டு நகரவேயில்லை என்பதற்கு இதுவே போதும்.

நம் இலக்கணம் கைகொடுக்கும் என்று முதலில் நம்பினேன். ‘அரசன் கோயில் கட்டினான்’ என்றால் அரசன் ஏவுதற் கருத்தா, அதாவது பிறரைச் செய்யவைப்பவன். ‘தச்சன் கோயில் கட்டினான்’ என்றால் தச்சன் இயற்றுதற் கருத்தா, தானே செய்பவன். ‘ஏவுநர் பொறுப்பு’ என்று எழுதியும் வைத்தேன். 1942-இல் தீர்ப்பான பெட்ரோல் லாரி வழக்கு அதைக் கெடுத்தது. பெட்ரோலை நிலத்தடித் தொட்டிக்கு இறக்கும்போது ஓட்டுநர் சிகரெட் பற்றவைத்து, தீக்குச்சியைக் கீழே போட்டார், தீப்பிடித்தது. சிகரெட் பிடி என்று யாரும் அவரை ஏவவில்லை. ஆனால் பெட்ரோல் இறக்குவது முதலாளியின் வேலை. அதைச் செய்யும்போது நேர்ந்த கவனக்குறைவு அது. அதனால் முதலாளியும் பொறுப்பானார். ‘ஏவுநர்’ என்று வைத்தால் தவறையே ஏவியவர், உடந்தை என்று பொருள் திரிந்துவிடும்.

‘முதலாளி பொறுப்பு’ என்பதும் ஆகாது. பழுதான இயந்திரத்தில் ஆளை நிறுத்தினால் அது முதலாளியின் சொந்தத் தவறு. அது வேறு கணக்கு.

ஆகவே என் முன்மொழிவு: பிறர்வினைப் பொறுப்பு. வினை யாருடையது என்பதை மட்டும் சொல்கிறது, செய்தவரை விடுவிக்கவில்லை. எந்த உறவு இருந்தால் இது பொருந்தும் என்பதை வரையறையில் எழுதிக்கொள்ளலாம். அச்சில் ‘ர்’ விடுபட்டால், பிறரைச் செய்யவைப்பதைக் குறிக்கும் இலக்கணத்துப் பிறவினை ஆகிவிடும், கவனம்.

தவறு இருந்ததா என்று பாராமலே வரும் பொறுப்பான ‘ஸ்ட்ரிக்ட் லயபிலிட்டி’க்குக் ‘கடும் பொறுப்பு’ வேண்டாம். தண்டனை கடுமையானது என்று தோன்றுகிறது. 1868-இல் முடிந்த ரைலண்ட்ஸ் வழக்கில் ஆலைக்காரரின் நீர்த்தேக்கம் உடைந்து பக்கத்துச் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்தது. அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லாமலே பொறுப்பு வந்தது. ‘தவறுசாராப் பொறுப்பு’ அதை நேராகச் சொல்லும். குறையுள்ள பொருளால் வரும் தீங்குக்குப் ‘பொருள்வழிப் பொறுப்பு’ போதும்.

ஓர் இடத்துக்கு வந்தவர் வழுக்கி விழுந்தால் அந்த இடத்தை வைத்திருப்பவர் ஏற்கும் பொறுப்புக்குச் சொல் தேடித்தான் தடுமாறுகிறேன். ‘உரிமையாளர் பொறுப்பு’ தவறு. இங்கிலாந்தின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் பார்ப்பது இடம் யார் கைவசம் என்பதை, பத்திரம் யார் பெயரில் என்பதை அல்ல. வாடகைக்கு இருப்பவரும் அதில் வரலாம். ‘வளாகப் பொறுப்பு’ என்றால் பெரிய கட்டடத் தொகுதிதான் கண்ணில் வருகிறது. ஒற்றை வீட்டின் படிக்கட்டும் அதில் அடங்க வேண்டும். யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.