புதுப்பிப்பு: பொட்டோமாக் கரையோர சைக்கிள் பயணம்

மார்ச் இறுதியில், அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றை ஒட்டிச் செல்லும் சீ அண்ட் ஓ (செசபீக் அண்ட் ஒஹாயோ) கால்வாய்ப் பாதையில் ஓர் இரவு தங்கும் சைக்கிள் பயணம் ஒத்துவருமா என்று முன்பு உங்களிடம் கேட்டிருந்தேன். போய்வந்துவிட்டேன், தாராளமாக ஒத்துவரும். பாதை தொடங்கும் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுனிலிருந்து சுமார் 55 கிலோமீட்டரில் உள்ள டர்ட்டில் ரன் முகாமுக்குக் கட்டணமோ முன்பதிவோ கிடையாது. ஆனால் முகாம்களின் தண்ணீர்க் கைப்பம்புகள் குளிர்காலத்தில் மூடப்பட்டு ஏப்ரல் நடுவில்தான் திறக்கப்படும் என்பதால், நீங்கள் எச்சரித்தபடியே சமையலுக்கும் சேர்த்துத் தண்ணீரைச் சுமந்து சென்றேன். முந்தைய நாள் மழையில் ஊறிய பாதையின் சேறு, டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே அப்பிச் சக்கரத்தையே இறுக்கிவிட்டதால், குச்சியால் சுரண்டிச் சுரண்டித்தான் நகர முடிந்தது. எனவே மட்கார்டில் போதிய இடைவெளி அவசியம். இரவில் நல்ல குளிர். மரங்கள் முழுதாகத் துளிர்க்காததால் கோடையில் மறைந்துபோகும் ஆறு வழிநெடுக உடன்வந்தது. வர்ஜீனியா புளூபெல் என்ற காட்டுப்பூவின் மொட்டுகள் இளஞ்சிவப்பிலிருந்து நீலமாக மாறிக்கொண்டிருந்தன. பம்புகள் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அதற்குள் அந்தப் பூக்கள் முடிந்துவிடக்கூடும்.